கம்பிக்காரர்கள் கொடுத்த வாக்கு

அமெரிக்கத் தொலைபேசி வரலாற்றில் 1913 டிசம்பர் 19 தேதியிட்ட ஒரு கடிதம் உண்டு. எழுதியவர் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் துணைத் தலைவர் நேதன் கிங்ஸ்பரி. பெற்றுக்கொண்டவர் அன்றைய அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் மெக்ரெய்னால்ட்ஸ். கடிதத்தில் மூன்று வாக்குறுதிகள் இருந்தன. நான்கு வருடங்களுக்கு முன் கைப்பற்றிய வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்தின் பங்குகளை விற்றுவிடுகிறோம். போட்டி நிறுவனங்களை அரசின் ஒப்புதல் இல்லாமல் இனி வாங்க மாட்டோம். ஊர்தோறும் இயங்கும் சிறு தொலைபேசி நிறுவனங்களின் சந்தாதாரர்கள் எங்கள் நெடுந்தூரக் கம்பிகளைப் பயன்படுத்த வழிவிடுகிறோம். மனம் திருந்தி எழுதிய கடிதம்போலத்தான் இருக்கும். ஆனால் அதே வருடம்தான் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் ஆரிகன் மாநிலத்தில் அந்த நிறுவனத்தின்மீது அரசு வழக்குப் போட்டிருந்தது. தொலைபேசியை அரசே எடுத்து நடத்த வேண்டும் என்று தபால் துறைத் தலைவர் ஆல்பர்ட் பர்லஸன் வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தார். கடிதம் போனது, வழக்கின் சூடு தணிந்தது, அரசுடைமைப் பேச்சும் அப்போதைக்கு அடங்கியது.

வாக்குறுதி அதன்பின் என்ன ஆனது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நெடுந்தூர அழைப்புக்கு வழிவிட்டார்களே தவிர, ஒரே ஊரில் இரண்டு நிறுவனங்கள் இருந்தால் ஒன்றின் சந்தாதாரர் மற்றதன் சந்தாதாரரை அழைக்க முடியாத நிலை அப்படியே இருந்தது. கடைக்காரர் இரண்டு தொலைபேசி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். போட்டியாளரை வாங்க மாட்டோம் என்ற உறுதிக்கும் சில வருடங்களில் ஒரு விளக்கம் வந்தது: இங்கே வாங்கிய அளவுக்கு வேறிடத்தில் விற்றுவிட்டால் போதும். அதனால் ஊர்களைப் பண்டமாற்றுச் செய்துகொண்டார்கள். இந்த ஊர் எனக்கு, அந்த ஊர் உனக்கு. 1921இல் வில்லிஸ்-கிரஹாம் சட்டம் தொலைபேசி நிறுவனங்களின் இணைப்பை ஏகபோகத் தடையிலிருந்து விலக்கியது. கடிதத்தின் உயிர் அதோடு போனது. அடுத்த பதினைந்து வருடங்களுக்குள் நாட்டின் தொலைபேசிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஒரே குடையின்கீழ் வந்துவிட்டது. வாக்குத் தவறினார்கள் என்று யாரும் வழக்குப் போட முடியாது. எழுத்தளவில் தவறவே இல்லை. சட்டம் வாசலில் நின்றபோது பிறந்த வாக்கு, சட்டம் விலகிப் போனதும் செத்துப்போனது, அவ்வளவுதான்.

இணையத்தில் போகும் எதையும் தடுக்காமல், காசு வாங்கி முன்னுரிமை தராமல் சமமாக அனுப்ப வேண்டும் என்பதுதான் நெட் நியூட்ராலிட்டி என்று சொல்லப்படும் இணையச் சமத்துவம். அதைப் பற்றி அமெரிக்கப் பெருநிறுவனங்கள் கடந்த இருபது வருடங்களாகக் கொடுத்துவரும் உறுதிமொழிகளை மக்கள் நம்பாமல் இருப்பதைப் பற்றிப் பேசும்போது, அதைப் பெரிய நிறுவனங்கள்மீதான பொதுவான எரிச்சல் என்றும் அரசியல் கட்சி சார்ந்த கோபம் என்றும் ஒதுக்குகிறவர்கள் உண்டு. இரண்டும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அவநம்பிக்கைக்கு அடியில் கணக்கு ஒன்று இருக்கிறது. பிறருடைய செய்தியைக் கம்பிவழியே சுமந்து காசு வாங்கும் இந்தத் தொழில் நூற்றைம்பது வருடங்களாகத் தந்த வாக்குகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால், ஒவ்வொரு வாக்கின் ஆயுளும் அதன் பின்னால் நின்ற சட்டத்தின் ஆயுளுக்குச் சமமாக இருப்பது தெரியும். நிறுவனத்தின் நல்லெண்ணத்தை அளந்து பார்த்துப் பயனில்லை. வாக்கு எந்தத் தேதியில் வந்தது, அதை மீறினால் யார் கேட்பார்கள் என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

தந்திக் காலத்திலேயே இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. கண்டத்தின் குறுக்கே கலிபோர்னியாவரை தந்திக் கம்பி இழுக்க அரசு மானியம் கொடுத்த 1860ஆம் ஆண்டுச் சட்டம், யார் கொடுத்தாலும் வந்த வரிசைப்படி பாகுபாடின்றி அனுப்ப வேண்டும், அரசுச் செய்திக்கு மட்டும் முன்னுரிமை என்று தெளிவாகவே எழுதியது. இணையம் என்ற ஒன்றை யாரும் கனவில்கூடக் காணாத காலம். ஆனாலும் கம்பியைக் கையில் வைத்திருப்பவன் என்ன செய்யக்கூடும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். நாடு முழுவதும் கம்பி பரவி வெஸ்டர்ன் யூனியன் ஏகபோகமானபோது, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தோடு அது செய்துகொண்ட ஏற்பாட்டால் அந்தக் கூட்டில் இருந்த நாளிதழ்களுக்குச் செய்தி மலிவாகக் கிடைத்தது. வெளியே இருந்தவர்கள் தடுமாறினார்கள். 1876 அதிபர் தேர்தலில் ஹேய்ஸும் டில்டனும் இழுபறியில் நின்றபோது, ஜனநாயகக் கட்சியினர் அனுப்பிய தந்திகள் எதிரணியின் கைக்குப் போயின என்ற குற்றச்சாட்டு பெரிதாக எழுந்தது.

தொலைபேசி வந்ததும் சந்தேகம் இணைப்பகத்தில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர்மேல் திரும்பியது. கான்சஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் இறுதிச் சடங்குக் கடை நடத்தினார். தன்னைக் கேட்டு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்பது அவர் சந்தேகம். ஆபரேட்டர் அந்தப் போட்டிக்காரரின் மனைவி என்றும் ஒரு கதை வழங்குகிறது, கதையை விட்டுவிடலாம். ஆபரேட்டர் நியாயமாக நடந்துகொள்வார் என்ற உறுதியை அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, ஆபரேட்டரே தேவைப்படாத ஓர் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்பதுதான் நமக்கு வேண்டியது. 1891இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மறுவருடம் இண்டியானாவின் லா போர்ட் ஊரில் முதல் தானியங்கி இணைப்பகம் இயங்கத் தொடங்கியது. பின்னாளில் உலகம் முழுவதும் ஓடிய தானியங்கி இணைப்பு முறையின் ஆரம்பத்தில் ஒரு வியாபாரியின் அவநம்பிக்கை இருக்கிறது.

சட்டமும் அதே வழியில் மெதுவாக வந்தது. 1910இல் தந்தியும் தொலைபேசியும் ரயிலைப்போல எல்லோருக்கும் பொதுவான சுமைதாரர் என்று வகுக்கப்பட்டன. 1934இல் அந்த வகுப்பு தகவல் தொடர்புச் சட்டத்தின் இரண்டாம் பகுதியாகி, அதைக் காக்க எஃப்.சி.சி. என்ற ஃபெடரல் ஆணையம் அமைந்தது. அதற்காக நிறுவனம் அடங்கிவிட்டது என்று பொருளில்லை. ஹஷ்-ஏ-ஃபோன் என்ற பொருளைப் பாருங்கள். தொலைபேசியின் பேசுவாயில் மாட்டிக்கொள்ளும் கிண்ணம்போன்ற மூடி, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்குப் பேச்சுக் கேட்காது. மின்சாரம் கிடையாது, கம்பி கிடையாது. தன் கருவியில் பிறர் பொருள் எதையும் மாட்டக் கூடாது என்று ஏ.டி. அண்ட் டி. தடை போட்டது, தொலைபேசி அமைப்பையே அது கெடுக்கும் என்றது. எஃப்.சி.சி.யும் 1955இல் நிறுவனத்தின் பக்கமே சாய்ந்தது. மறுவருடம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான், கையைக் குவித்துப் பேசினாலும் இதே விளைவுதானே, அதைத் தடுக்காமல் இதை மட்டும் எப்படித் தடுப்பது என்று கேட்டுத் தடையை நீக்கியது. பன்னிரண்டு வருடம் கழித்து டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டரின் கார்ட்டர்ஃபோன் வழக்கிலும் நிறுவனம் தோற்றது. தோற்றபின்பும், பிறர் கருவியை மாட்டுவதானால் எங்கள் காப்புக் கருவியை மாத வாடகைக்கு எடுத்துத்தான் மாட்ட வேண்டும் என்று புதிய நிபந்தனை போட்டது. அதையும் உடைத்த பிறகுதான் வீட்டு மோடம் சுதந்திரமாகச் சுவரில் செருகப்பட்டது. இணையம் வீடுகளுக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான். வழிவிட்டது யார் என்று இன்று விளம்பரங்களில் பேசிக்கொள்பவர்கள் இந்த வரிசையைச் சொல்வதில்லை.

1990களில் வாக்குறுதியின் வடிவம் மாறியது. கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள், பதிலுக்கு வீட்டுக்கு வீடு அதிவேகக் கம்பி தருகிறோம் என்றன தொலைபேசி நிறுவனங்கள். நியூஜெர்ஸியில் தொலைபேசி நிறுவனத்தோடு 1993இல் போட்ட ஒப்பந்தப்படி 2010க்குள் மாநிலம் முழுவதும் நொடிக்கு 45 மெகாபிட் வேகம் வந்திருக்க வேண்டும். கட்டணத் தளர்வு உடனே கிடைத்தது. 2010 வந்தது; தெற்கே கம்பர்லண்ட் கவுண்டியின் ஸ்டோ கிரீக், கிரீனிச் போன்ற ஊர்கள் இன்னும் பழைய செம்புக் கம்பியோடு முறையிட்டுக்கொண்டிருந்தன. 2014இல் மாநில ஆணையம் நிறுவனத்தோடு செய்துகொண்ட சமரசத்தில் மொபைல் வழி வரும் 4ஜி இணைப்பையே அந்த வாக்கை நிறைவேற்றியதாகக் கணக்கில் வைக்க இடம் தரப்பட்டது. இது இணையச் சமத்துவம் பற்றிய வாக்கு இல்லைதான். ஆனாலும், சட்டத்தைத் தளர்த்துவதற்குக் கைமாறாகக் கொடுத்த வாக்கு எப்படி முடியும் என்று தெரிந்துகொள்ள விரும்பிய குடிமகனுக்கு இது கண்முன்னே நடந்த பாடம்.

2002இல் எஃப்.சி.சி. கேபிள் இணையத்தை ஒரு தகவல் சேவை என்று வகைப்படுத்தி, சுமைதாரர் வகுப்புக்கு வெளியே வைத்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்கேலியா, பீட்ஸாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கடைக்காரர் தான் டெலிவரி எதுவும் செய்வதில்லை என்று சொல்வதைப்போல இது இருக்கிறது என்று கேலி செய்தார். கட்டு அவிழ்ந்த அதே வருடம் இரண்டு சம்பவங்கள். வட கரோலினாவின் மேடிசன் ரிவர் என்ற தொலைபேசி நிறுவனம், இணையவழித் தொலைபேசிச் சேவையான வோனேஜைத் தடுத்து மாட்டிக்கொண்டு 15,000 டாலர் கட்டியது. எஸ்.பி.சி. தொலைபேசி நிறுவனத்தின் தலைவர் எட் விட்டேக்கர், கூகுள் போன்றவர்கள் தன் குழாய்களை இலவசமாகப் பயன்படுத்தத் தான் விடப்போவதில்லை என்று பத்திரிகைப் பேட்டியில் போட்டு உடைத்தார். அந்தக் குழாய்க்கு வீட்டுக்காரர் மாதாமாதம் காசு கட்டிக்கொண்டிருந்தார் என்பது பேட்டியில் வரவில்லை. தொழிலின் உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது வெளியே கேட்ட அபூர்வமான தருணம் அது. பிறகு யாரும் அவ்வளவு வெள்ளந்தியாகப் பேசவில்லை.

எஸ்.பி.சி. அதற்குள் ஏ.டி. அண்ட் டி.யை விழுங்கி அதன் பெயரையும் சூட்டிக்கொண்டு, 2006இல் பெல்சவுத் தொலைபேசி நிறுவனத்தையும் வாங்கக் கிளம்பியது. எஃப்.சி.சி.யின் ஐந்து உறுப்பினர்களில் ஒருவர் ஒதுங்கிக்கொள்ள, வாக்கு இரண்டுக்கு இரண்டு என்று முட்டி நின்றது. டிசம்பர் 28 அன்று நிறுவனம் ஒரு கடிதம் கொடுத்தது: இணையச் சமத்துவத்தைக் கடைப்பிடிப்போம், 24 மாதங்களுக்கு. மறுநாளே ஒப்புதல் கிடைத்துவிட்டது. கொள்கையாக நம்பும் ஒன்றுக்கு ஏன் இரண்டு வருடத் தவணை என்று அன்றே கேட்டவர்கள் இருந்தார்கள். அதே உறுதிமொழிகளில் புதிய வாடிக்கையாளருக்கு மாதம் 10 டாலருக்கு டி.எஸ்.எல். எனும் தொலைபேசிக் கம்பிவழி இணைய இணைப்புத் தருவதும் ஒன்று. 2007 ஜூனில் அந்தத் திட்டம் வந்தது, விளம்பரமே இல்லாமல். நிறுவனத்தின் இணையதளத்தில் அதைத் துருவித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வாக்கு எழுத்துப்படி காப்பாற்றப்பட்டுவிட்டது.

கேபிள் இணைய நிறுவனமான காம்காஸ்டின் விவகாரம் இன்னும் நெருக்கமாகப் பார்க்கத் தகுந்தது. அதன் வாடிக்கையாளரான ஆரிகன் மாநிலத்து ராப் டோபோல்ஸ்கி மென்பொருள் சோதிப்பவர். நூறு வருடப் பழைய நால்வர் குழுப் பாட்டுகளில் பிரியம் உள்ளவர். காப்புரிமை காலாவதியான பாட்டுகளை பிட்டோரென்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியே பகிர முயன்றபோது இணைப்புத் திரும்பத் திரும்ப அறுந்தது. தொழில் தெரிந்தவர் என்பதால் போய்வரும் தரவுப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தார். இரு முனைக் கணினிகளும் அனுப்பாத, இணைப்பை முடித்துக்கொள் என்று சொல்லும் போலிப் பொட்டலங்கள் நடுவழியில் புகுத்தப்பட்டிருந்தன. தொலைபேசியில் இருவர் பேசும்போது மூன்றாமவர் ஒருவர் இருவர் குரலிலும் வைக்கிறேன் என்று சொல்லிவிடுவதற்கு ஒப்பானது இது. காம்காஸ்ட் முதலில் நாங்கள் எதையும் தடுப்பதில்லை என்றது. 2007 அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் கிங் ஜேம்ஸ் பைபிளை அனுப்பிப் பார்த்தார்கள், அதுவும் அறுந்தது. அப்போது தடுக்கவில்லை, தாமதப்படுத்துகிறோம் என்றார்கள். 2008 பிப்ரவரியில் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் எஃப்.சி.சி. விசாரணை நடத்தியபோது அரங்கத்து இருக்கைகள் முன்கூட்டியே நிரம்பிவிட்டன. பொதுமக்கள் பலர் வெளியே நின்றார்கள். உள்ளே இருந்தவர்களில் சிலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இடம்பிடிக்க ஆட்களுக்குக் கூலி கொடுத்ததைப் பிற்பாடு காம்காஸ்டே ஒப்புக்கொண்டது. எஃப்.சி.சி. அந்த நடைமுறையைக் கண்டித்தது. 2010இல் நீதிமன்றம் அந்தக் கண்டனத்தை ரத்து செய்தது. காம்காஸ்ட் செய்தது சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 2002இல் தன் கையாலேயே கட்டை அவிழ்த்துவிட்ட ஆணையத்துக்குக் கேட்கும் அதிகாரம் இல்லை என்றது.

எஃப்.சி.சி. அதே வருட இறுதியில் புதிய விதிகள் எழுதியது. தொலைபேசி நிறுவனமான வெரைசான் வழக்குத் தொடுத்தது. வெளியில் அந்த நிறுவனம் திறந்த இணையத்தை ஆதரிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 2013 செப்டம்பர் வாதத்தில் நீதிபதிகள் துருவிக் கேட்டபோது அதன் வழக்கறிஞர், இந்த விதிகள் இல்லாவிட்டால் இணையதளங்களிடம் காசு வாங்கிக்கொண்டு முன்னுரிமை தரும் ஏற்பாடுகளை நாங்கள் ஆராய்ந்துகொண்டிருப்போம் என்று கட்சிக்காரரின் ஒப்புதலோடு சொன்னார். வழக்குப் போடும் உரிமையை நிலைநாட்ட விதியால் நஷ்டம் என்று காட்டியாக வேண்டும். அந்தக் கட்டாயத்தில் வந்த உண்மை. விளம்பரத்தில் சொன்னதையும் நீதிமன்றத்தில் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் படித்தவர்களுக்கு எதை நம்புவது என்பதில் குழப்பம் இருந்திருக்காது. 2014இல் அந்த விதிகளும் விழுந்தன. நாற்பது லட்சத்தை நெருங்கிய மக்கள் கருத்துகள் குவிந்தபின், 2015இல் எஃப்.சி.சி. இணையத்தை மறுபடியும் சுமைதாரர் வகுப்புக்குள் கொண்டுவந்தது.

வாக்கு சட்டத்தோடுதான் சாகும் என்ற கணக்குக்கு ஓர் எதிர்ச் சான்று உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மை ஆகாது. என்.பி.சி. யுனிவர்சல் ஊடக நிறுவனத்தை வாங்கியபோது 2011 ஜனவரியில் காம்காஸ்ட் ஏற்ற நிபந்தனைகளில், நீதிமன்றம் விதிகளை ரத்து செய்தாலும் ஏழு வருடங்களுக்கு அவற்றைக் கடைப்பிடிப்போம் என்பதும் இருந்தது. 2014இல் மற்றவர்களுக்கு விதி இல்லாமல் போனபோதும் காம்காஸ்ட் கட்டுப்பட்டிருந்தது. அப்படியானால் வாக்குகள் காக்கப்படுகின்றனவே என்று கேட்கலாம். ஆம், அரசு கையெழுத்தும் மீறினால் தண்டனையும் இருந்த வாக்கு அது. அதே நிறுவனம் தன் இணையதளத்தில் தானாக எழுதிவைத்திருந்த வாக்கைப் பாருங்கள். காசுக்கு வேகப்பாதை அமைக்க மாட்டோம் என்ற வரி அதன் பக்கத்தில் இருந்தது. 2017 ஏப்ரல் 26 அன்று எஃப்.சி.சி. தலைவர் அஜித் பாய் 2015 விதிகளை நீக்கும் திட்டத்தை அறிவித்தார். அதையொட்டி ஒன்றிரண்டு நாட்களுக்குள் அந்த வரி காணாமல் போனது. சட்டபூர்வமான எதையும் தடுக்க மாட்டோம் என்பது மட்டும் மிஞ்சியது. செய்தியாளர்கள் கேட்டபோது, அப்படிப்பட்ட திட்டம் எதுவும் எங்களிடம் இல்லை என்றார்கள். செய்ய மாட்டோம் என்பதற்கும் செய்யும் திட்டம் இல்லை என்பதற்கும் உள்ள தூரம் வக்கீல் நோட்டீஸ் வாங்கிப் பழகிய எவருக்கும் தெரியும்.

விதிகளை நீக்கிய 2017 டிசம்பர் உத்தரவு இந்தத் தானாக எழுதும் வாக்குகளின்மீதுதான் கட்டப்பட்டது. நிறுவனங்கள் பகிரங்கமாக உறுதி தரும், மீறினால் நுகர்வோரை ஏமாற்றியதாக எஃப்.டி.சி. என்ற வணிக ஆணையம் தண்டிக்கும் என்பது அதன் தர்க்கம். தாளில் பார்த்தால் குறைசொல்ல முடியாது. ஆனால் ஏ.டி. அண்ட் டி. அப்போது நீதிமன்றத்தில் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. அளவில்லாத டேட்டா என்று விற்றுவிட்டு வேகத்தைக் குறைத்ததாக எஃப்.டி.சி. 2014இல் அதன்மீது வழக்குப் போட்டிருந்தது. தொலைபேசிச் சேவையும் நடத்துவதால் நாங்கள் சுமைதாரர், எங்களை விசாரிக்கும் அதிகாரமே உங்களுக்கு இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். 2016இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றும்விட்டது. 2018 பிப்ரவரியில்தான் பெரிய அமர்வு திருத்தியது. வழக்கு 2019இல் 6 கோடி டாலரில் முடிந்தது. இடையில், 2018 ஜனவரியில், அதே நிறுவனம் இணையத்துக்கு ஓர் உரிமைச் சாசனம் வேண்டும் என்று நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. காவல்காரர் வேறு வீட்டில் இருக்கிறார் என்று கைகாட்டிக்கொண்டே, அவருக்கும் உள்ளே வர உரிமை கிடையாது என்று வாதாடியவர்களை மக்கள் நம்பவில்லை. 2017 டிசம்பரில் மேரிலாந்து பல்கலைக்கழகம் இரு தரப்பு வாதங்களையும் படிக்கக் கொடுத்து நடத்திய கணிப்பில் 83 சதவீதம் பேர் விதி நீக்கத்தை எதிர்த்தார்கள். ரிபப்ளிகன் ஆதரவாளர்களிலேயே 75 சதவீதம். கட்சிக் கோபம் என்ற விளக்கம் இங்கே நிற்கவில்லை.

அந்த உத்தரவுக்கு முன் எஃப்.சி.சி.க்கு வந்த 2 கோடிக்கும் மேற்பட்ட கருத்துகளின் கதை இரு தரப்புக்கும் வெட்கக்கேடு. நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2021 மே மாதம் வெளியிட்ட அறிக்கைப்படி ஏறத்தாழ 1.8 கோடி போலி. 85 லட்சத்துக்கு மேல் பிராட்பேண்ட் நிறுவனங்கள் காசு கொடுத்த பிரசாரத்தில் வந்தவை, பலருடைய பெயர் அவர்களுக்கே தெரியாமல் போடப்பட்டது. எதிர்ப்பக்கம் 77 லட்சம் கருத்துகளை ஒரே கல்லூரி மாணவர் கற்பனைப் பெயர்களில் உற்பத்தி செய்திருந்தார். சமத்துவத்தின் பக்கம் நின்ற நெட்பிளிக்ஸ், கூகுள் போன்றவர்களின் உறுதிமொழிக்கும் பெரிய மதிப்புக் கிடையாது. சமத்துவத்துக்காக உரக்கப் பேசிய கூகுள் 2010இல் வெரைசானோடு சேர்ந்து மொபைல் இணையத்துக்கு விலக்குத் தரும் திட்டத்தை முன்வைத்தது. நெட்பிளிக்ஸ் தலைவர் 2017இல் தாங்கள் வளர்ந்துவிட்டதால் இது இனித் தங்கள் முதன்மைப் போராட்டம் இல்லை என்றார். அமெரிக்காவில் 2014இல் சமத்துவக் கடிதத்தில் கையெழுத்திட்ட ஃபேஸ்புக், அடுத்த வருடம் இந்தியாவில் தான் தேர்ந்தெடுத்த தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ஃப்ரீ பேசிக்ஸைத் திறந்த மேடை என்று முழுப் பக்க விளம்பரங்களில் விற்றது. இந்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் அந்த விளம்பரத்தில் மயங்கவில்லை. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணம் மாற்றுவதையே தடை செய்து, மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய் அபராதம் என்று எழுதிவிட்டது. ஃபேஸ்புக் சில நாட்களில் இந்தியாவில் கடையைக் கட்டியது.

விதி நீங்கிய பின் வானம் இடிந்து விழவில்லையே என்பது நிறுவனங்களின் வலுவான வாதம். 2018 ஜூனில் விதிகள் காலாவதியாயின. பயமுறுத்திய வேகப்பாதைகள் வரவில்லை. உண்மைதான். கலிபோர்னியத் தீயணைப்பு வீரர்களின் டேட்டா வேகத்தை வெரைசான் குறைத்த 2018 கோடைச் சம்பவத்தைச் சமத்துவ மீறல் என்று பலர் எழுதினார்கள். கண்டிப்பாகச் சொன்னால் அது டேட்டா வரம்புத் தகராறுதான், எந்தத் தளத்தையும் பிரித்துப் பார்த்ததில்லை. ஆனால் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் காட்டியதைப்போல, மொபைல் நிறுவனங்கள் காணொளியை மட்டும், நெரிசல் இல்லாத நேரத்திலும், வேகம் குறைத்துத்தான் அனுப்பின. விதி இருந்த காலத்திலேயே தொடங்கிய பழக்கம் அது. பெரிய மீறல்கள் வராததற்குக் காரணம் நல்லெண்ணமா என்று கேட்டால், கலிபோர்னியா 2018 செப்டம்பர் 30 அன்று 2015 விதிகளைவிடக் கடுமையான சட்டம் போட்டது, அதோடு ஃபெடரல் விதி எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்ற பயமும் இருந்தது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தபின் அந்தச் சட்டம் 2021இல் நடைமுறைக்கு வந்ததும், தன் காணொளிச் சேவையைப் பார்த்தால் டேட்டா கழியாது, பிறருடையதைப் பார்த்தால் கழியும் என்று வைத்திருந்த ஏற்பாட்டை ஏ.டி. அண்ட் டி. நாடு முழுவதும் நிறுத்தியது. முதலீடு குறையும் என்ற வாதத்துக்குப் பதிலை வெரைசானின் நிதித் தலைவரே 2014 டிசம்பரில் முதலீட்டாளர்களிடம் சொல்லிவிட்டார்: இந்த வகைப்பாடு எங்கள் முதலீட்டு முடிவை மாற்றாது. முதலீட்டாளரிடம் பொய் சொன்னால் தண்டனை உண்டு.

2024 ஏப்ரலில் எஃப்.சி.சி. விதிகளைத் திரும்பக் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 2 அன்று ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இணையத்தைச் சுமைதாரர் வகுப்பில் வைக்கும் அதிகாரமே ஆணையத்துக்குச் சட்டத்தில் இல்லை என்று அவற்றைத் தள்ளியது. நிறுவனங்கள் இருபது வருடமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் மாநிலத்துக்கு ஒரு சட்டம் என்றால் தொழில் நடத்த முடியாது என்பதும் அவர்கள் இத்தனை வருடமாகச் சொல்லிவந்ததுதான். 2019இல் தலைநகர் வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம், தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லும் ஆணையம் மாநிலங்களை மட்டும் எப்படித் தடுக்கும் என்று கேட்டிருந்தது. கலிபோர்னியச் சட்டத்தை எதிர்த்த வழக்கை 2022 மே மாதம் நிறுவனங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. ஏறத்தாழ நான்கு கோடிப் பேருக்கு இன்று அந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது. வாஷிங்டன், ஆரிகன் போன்ற மாநிலங்களில் வேறு வேறு அளவில் வேறு சட்டங்கள். மற்ற இடங்களில் நிறுவனம் தன் நடைமுறையைத் தன் இணையதளத்தில் வெளியிட்டால் போதும். அங்கே என்ன எழுதியிருக்கிறது, எந்த வரி எப்போது நீங்கியது என்று பழைய பக்கங்களின் நகல்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒப்பிடுகிறவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.